ஆக்சிஜன் பாடம்: என் ஒப்புதல்

பதினோராம் வகுப்புக்குப் பல ஆண்டுகளாக ஆக்சிஜனை மதிப்பெண்ணுக்காக மட்டுமே நடத்தியிருக்கிறேன். பிணைப்புத் தரம் 2, இணையாகாத எலக்ட்ரான்கள் இரண்டு, ஆகவே பாராகாந்தத்தன்மை. 1891இல் ஜேம்ஸ் டூவர் திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளில் ஒட்ட வைத்துக் காட்டியதையும் சொல்வேன். அந்த இரண்டு எலக்ட்ரான்களால் வெளியே என்ன நடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. வலையும் படகும் கறுத்துப்போயின. மீனவர் வீட்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “மிஸ், காத்துல அவ்ளோ ஆக்சிஜன் இருக்கே, ஆத்துல மெதக்குற ஆயில அது ஏன் எரிக்கல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதை வகுப்பின் முன் சொல்ல மனம் வரவில்லை. “பரீட்சைக்கு வர்றதைக் கேளு” என்று அதட்டி உட்கார வைத்தேன். அந்த ஆண்டு முழுக்க அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

பதில் என் கரும்பலகையிலேயே இருந்தது. எண்ணெய் மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு ஜோடியாக இருக்கின்றன. ஆக்சிஜனின் அந்த இரண்டும் ஒரே தற்சுழற்சியோடு தனித்து நிற்கின்றன. வினையின்போது மொத்தத் தற்சுழற்சி எளிதில் மாறாது. அதனால் எண்ணெயும் ஆக்சிஜனும் நேரடியாகச் சேர்ந்து, எல்லா எலக்ட்ரானும் ஜோடியான கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற வழி அடைபட்டிருக்கிறது. தீப்பொறியின் வெப்பம் பிணைப்பை முறித்தால்தான் ஜோடியிழந்த எலக்ட்ரான் கிடைத்து வினை ஓடும். நம் உடம்பு இந்தக் காற்றில் பற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கும் இந்தத் தடை ஒரு முக்கியக் காரணம்.

வெயில் இன்னொரு வழியைத் திறக்கிறது. எண்ணெயிலுள்ள பென்சீன் வளையச் சேர்மங்கள் ஒளியை வாங்கி, ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கடத்துகின்றன. மோலுக்குச் சுமார் 94 கிலோஜூல் கிடைத்தால் அதன் இரண்டு எலக்ட்ரான்களும் ஜோடி சேரும், தற்சுழற்சித் தடை விலகும். அப்போதும் எண்ணெய் மறைந்துவிடுவதில்லை. ஆக்சிஜன் ஏற ஏறக் கெட்டியாகி ஒட்டுகிறது, ஒரு பங்கு நீரில் கரைகிறது. 2010 மெக்சிகோ வளைகுடாக் கசிவை ஆராய்ந்தவர்கள், வெயிலில் கிடந்த எண்ணெயைச் சிதறடிக்கத் தெளித்த ரசாயனம் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். எண்ணெயை முதல் நாட்களிலேயே அள்ள வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தன் ஆற்றைப் பற்றிய இந்த உண்மையை அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். என் கௌரவத்துக்காக நான் மறுத்தேன்.

அவளிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படித்தால் ஒருமுறை பள்ளிக்கு வாம்மா. அன்று சொல்லாததை முழுசாகச் சொல்கிறேன்.