நிலக்கிளியுடன் தண்ணிமுறிப்புக்கு

வவுனியா நகரிலே நாவற்பித்துப் பிடித்தவர் நால்வர் உளோம். மாதம் ஒருமுறை ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டு விறாந்தையிற் கூடுவோம். கூடினால் ஒரு நாவலையாவது கிழிக்காமற் பிரிவதில்லை. கிழிப்பது வாயினால் மாத்திரமே. தபாலதிபரின் புத்தகத்தில் ஒரு தாளின் ஓரம் மடிந்தாலும் அடுத்த மாதம் தேநீர் கிடையாது! அவரைத் தவிர, முல்லைத்தீவுப் பகுதியில் நெடுங்காலம் படிப்பித்த ஆசிரியை ஒருவர். 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இன்று பயிலும் மாணவி ஒருத்தி. நான்காமவர் யாரென்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

சென்ற வைகாசிக் கூட்டத்திற் பெரும் பூசல் விளைந்தது. அன்று எடுத்துக்கொண்ட நூல் அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி'. வீரகேசரிப் பிரசுரமாக 1973ஆம் ஆண்டில் வெளிவந்து, பின்னர் சாகித்தியப் பரிசும் பெற்ற நாவல் அது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்திலே, ஈழத்து எழுத்தாளரின் நாவல்களை மலிவான விலையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது வீரகேசரி. வன்னிக் காட்டை நாவலின் ஓர் ஓரத்திற் காட்சிப்பொருளாக நிறுத்தாமல், அதன் உயிராகவே ஆக்கிய நூல் என்று 'நிலக்கிளி'யைத் தயங்காமற் கூறலாம். ஆசிரியர் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். பின்னாளில் டென்மார்க்கிற் குடியேறினார். காட்டை அறிந்த கதிராமன், கள்ளமறியாத பதஞ்சலி, வெளியூரிலிருந்து வந்து சேரும் பள்ளிக்கூட ஆசிரியர் ஆகிய மூவரைச் சுற்றியே கதை நடக்கிறது. முடிவை நாம் இங்கே கூறப்போவதில்லை. படிக்காதவர்கள் படித்தறிக.

பூசல் தலைப்பைப் பற்றியது. நிலக்கிளி, நிலத்திலுள்ள பொந்திலே வாழ்ந்து எளிதிற் பிடிபட்டுவிடும் ஒரு சிறு பறவை. பதஞ்சலியை அதற்கு ஒப்பிட்டது பெண்ணுக்குச் செய்த அநீதி என்றாள் மாணவி. "ஒருத்தியைப் பறக்கமாட்டாத குருவி என்று முதற்பக்கத்திலேயே தீர்மானித்துவிட்டால், பிறகு கதையில் அவளுக்கு என்ன வேலை, ஐயா?" என்று அவள் கேட்க, தபாலதிபருக்குச் சினம் மூண்டது. ஐம்பது ஆண்டுகளாக அவர் போற்றிவரும் நூலல்லவா! கலை என்றார், உவமை என்றார், அக்காலம் என்றார். இதுவரை வாய் திறவாதிருந்த ஆசிரியை, "நீங்கள் ஒருவரும் தண்ணிமுறிப்பைப் பார்த்ததில்லை. பாராத ஊருக்கு வழக்காடுகிறீர்கள்" என்றார்.

அந்தச் சொல்லே எம்மைப் பயணப்படுத்தியது.

ஆனி மாதத்து ஞாயிறொன்றின் விடியலில் முல்லைத்தீவு பஸ் வண்டியில் ஏறினோம். தபாலதிபரின் பையில் 1973ஆம் ஆண்டுப் பிரதி, பழைய பத்திரிகைத் தாளில் உறையிடப்பட்டு வந்தது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் எனக் கண்டி வீதி வடக்கே ஓடுகிறது. பாலைப் பழக் காலமாதலால், வீதியோரத்திற் சிறுவர்கள் பழத்தைப் பொதிசெய்து விற்றுக்கொண்டிருந்தனர். ஒரு பொதி வாங்கினோம். பாலைப் பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டால் சிறிது நேரத்துக்கு விவாதம் செய்ய முடியாது; எமது கூட்டத்துக்கு அது பெரும் நன்மை.

மாங்குளத்திலே வண்டி கிழக்கே திரும்புகிறது. வடக்கே சென்றிருந்தால் கிளிநொச்சி. அந்தப் பக்கத்துக்கும் நாவல் உண்டு. பரந்தன் குமரபுரத்துத் தாமரைச்செல்வி 2004இல் வெளியிட்ட 'பச்சை வயல் கனவு', குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் கழனி கண்டவர்களின் கதை. செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) பற்றியும் பேச்சு எழுந்தது. அவர் அரசாங்க உத்தியோகத்தராய் இருந்தவர். ஏழைக் கமக்காரனை அதிகாரமும் பணமும் சேர்ந்து விழுங்கும் விதத்தைக் கந்தோரின் உள்ளிருந்தே கண்டவர். 'காட்டாறு' கோபத்தோடு எழுதப்பட்டது, 'நிலக்கிளி' காதலோடு எழுதப்பட்டது என்பது எமது கருத்து. தபாலதிபர் தலையசைத்தார். மாணவிக்குக் கோபமே பிடித்திருந்தது.

இவற்றில் எத்தனை நூல்கள் இன்று கையில் இருக்கின்றன என்று ஆசிரியையைக் கேட்டோம். கேட்டிருக்கக்கூடாது. புதுக்குடியிருப்பிலே அவரிடம் முந்நூறுக்கு மேற்பட்ட நாவல்கள் இருந்தனவாம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடம்பெயர நேர்ந்தபோது, அவற்றை உரப்பைகளிற் கட்டி, பொலித்தீனாற் சுற்றி, வீட்டுக் கோடியிற் குழி தோண்டிப் புதைத்தார். நகையைப் புதைத்தவர்கள் உண்டு. அயலவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். மாத்தளனும் முள்ளிவாய்க்காலும் கடந்து, செட்டிகுளத்து முகாமில் இருந்து, பின்னர் ஊர் திரும்பித் தோண்டியபோது கறையான் புற்றொன்று இருந்தது. "அட்டைகள் மட்டும் சில முழுதாய் இருந்தன. எந்த அட்டை எந்தக் கதை என்று தெரிந்தது. உள்ளே மண்" என்றார். இப்போது அவர் நாவல்களைக் கைத்தொலைபேசியிலே படிக்கிறார். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் சேகரித்துவரும் 'நூலகம்' தளத்திலே 'நிலக்கிளி'யும் இருக்கிறது. கறையான் ஏறாத அலுமாரி என்பது அவர் அதற்கு வைத்த பெயர்.

வழியிலே ஒட்டுசுட்டானுக்கு அருகிற் கற்சிலைமடு. 1803ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்ததை அறிவிக்கும் கல் நாட்டப்பட்டிருந்த இடம். வென்றவன் கல்லை நாட்டினான். தோற்றவனுக்கு முள்ளியவளை முல்லைமணி 1964இல் நாடகம் எழுதினார். வன்னி மக்களுக்கு மனப்பாடமானது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

முள்ளியவளையில் இறங்கித் தண்ணீரூற்றைக் கடந்து, ஓட்டோ ஒன்றில் குமுளமுனைக்குப் போனோம். அங்கிருந்து தண்ணிமுறிப்பு. வயல்வெளி முடியக் காடு; காட்டின் நடுவே குளக்கட்டு. ஏறி நின்றபோது நால்வரும் பேச்சிழந்தோம். சிறுபோகத்துக்கு நீர் விட்டு வற்றிய குளம், அலைகரையிற் புல், அதற்கப்பால் வீரையும் பாலையும் முதிரையுமாக வானம் தொடும்வரை பச்சை. தபாலதிபர் நூலை எடுத்துப் பிரித்தார், ஓரிரு பக்கங்களைப் பார்த்தார், மூடிவிட்டார். ஊரென்று சுட்டத்தக்க வீட்டு வரிசை எதுவும் எம் கண்ணிற் படவில்லை.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு டிசம்பரிலே, தண்ணிமுறிப்பு உட்பட முல்லைத்தீவின் தென்புறக் கிராமங்கள் பலவற்றிலிருந்து தமிழ் மக்கள் வன்செயலால் வெளியேற நேர்ந்தது. நாவல் வெளிவந்து பதினொரு ஆண்டுகளின் பின்னர். பாலமனோகரன் எழுதும்போது, தாம் ஓர் ஊரின் கடைசிச் சித்திரத்தைத் தீட்டுகிறோம் என்று கனவிலும் கருதியிரார்.

கட்டின்மேல் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்ணும்போது, எமக்கு லெனார்ட் வூல்ஃபின் நாவல் நினைவுக்கு வந்தது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராய் 1908 முதல் 1911 வரை இருந்த அந்த ஆங்கிலேயர், காட்டுக் கிராமமொன்றை வைத்து 1913இல் வெளியிட்ட கதை. பெத்தகம என்னும் அச்சிற்றூர் ஆள் ஆளாய்க் குறைந்து, இறுதியிற் புஞ்சிமெனிக்கா என்ற ஒருத்தி மட்டும் எஞ்ச, காடு வந்து குடிசையைச் சூழ்ந்துகொள்கிறது. இரண்டு நாவலையும் ஒப்பிட நாம் வாயெடுத்தோம்; ஆசிரியை தடுத்தார். "அங்கே ஊரை விழுங்கியது காடு. இங்கே காட்டின்மேற் பழி போடாதேயுங்கள்" என்றார். சரிதான். வூல்ஃபுக்குக் காடு பகை. 'நிலக்கிளி'யில் வரும் மனிதருக்கு அது கொல்லைப்புறம்.

திரும்பும் வழியிலே, குமுளமுனையில் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுப் படலையைத் திறந்தோம். எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு கமக்காரர், பேர்த்தியோடு இருந்தார். நாம் வந்த காரியத்தைக் கூறியதும் அவர் முகம் மலர்ந்தது. அவரும் தண்ணிமுறிப்பிலே காணி வைத்திருந்தவர்.

"அந்தக் கதையோ? நான் வாசிக்கேல்லை, மகன் வாசிச்சுக் காட்டினவன். குளக்கட்டாலை நாங்கள் நடக்கிறமாதிரியே எழுதியிருக்கிறார்" என்றார்.

மாணவி விடவில்லை. தலைப்பைப் பற்றிய வழக்கை அவர் முன்னும் வைத்தாள். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை நிலக்கிளியைப் பாத்திருக்கிறியோ? அது பறக்கும். குஞ்சு கிடக்கிற பொந்தை விட்டுட்டுப் போகாது; அதாலைதான் பிடிபடுகிறது."

"அப்படியென்றால் அதைத்தான் ஆசிரியர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், அப்பு" என்றாள் அவள். தோல்வியை ஒப்புக்கொள்ளும் குலமன்று அது. ஆயினும், குறிப்புப் புத்தகத்தில் அவள் ஏதோ எழுதிக்கொண்டதை நாம் கண்டோம்.

பின்னர்தான் பெரியவர் நூலைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஊரின் பெயர் இதில் அச்சாகியிருக்கிறதா என்று கேட்டார். தபாலதிபர் ஓரிடத்தைக் காட்டினார். எந்த ஆண்டுப் புத்தகம் என்று கேட்டார். 1973 என்றோம்.

"எங்கடை காணிப் பேமிற் எல்லாம் ஓட்டத்திலை போட்டுது. கந்தோரிலை கேட்டால், அது காடு எண்டு சொல்லுறாங்கள். இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், அங்கை சனம் இருந்தது எண்டு ஒத்துக்கொள்ளுவாங்களோ, ஐயா?"

எமக்கு விடை வரவில்லை. நாற்பது ஆண்டு அரசாங்க சேவையிலிருந்த தபாலதிபருக்கு விடை தெரியும். கற்பனைக் கதை உறுதியாகாது. பதஞ்சலி சாட்சிக் கூண்டில் ஏறமுடியாது. நாவலின் சிறப்பைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக ஓயாமற் பேசியவர், அந்த விடையைச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். ஆசிரியைதான் சொன்னார்: "ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அப்பு. ஆனால் காட்டிப் பாருங்கள்."

பேர்த்தி நூலை வாங்கித் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். இரண்டு பக்கம் செல்வதற்குள் பெரியவர் மூன்று முறை நிறுத்தினார்: அந்த வழி அப்படியன்று, அந்த மரம் இன்ன இடத்தில், அந்தச் சொல்லை இப்படி உச்சரிக்க வேண்டும். எமது வவுனியாக் கூட்டங்களில் இத்தகைய விமரிசகர் ஒருவர் இதுவரை வாய்த்ததில்லை. ஓட்டோச் சாரதி இருமுறை ஒலியெழுப்பினார். முள்ளியவளையிலிருந்து கடைசி பஸ் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

தபாலதிபர் எழுந்தார், நூலைக் கேட்கவில்லை. படலைவரை சென்று திரும்பி, "தாளை மடிக்கவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கோ" என்று மட்டும் கூறினார். ஆவணிக் கூட்டமும் முடிந்துவிட்டது. நூல் இன்னும் வரவில்லை. நாமும் கேட்கவில்லை.