காற்றும் குழலும்

நாகூர் ஹனிபாவின் வெண்கலக் குரலிலே வளர்ந்தவை எம் செவிகள். சொல்லின்றிப் பாட்டில்லை என்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை அசைத்தது, 1988இல் வெளிவந்த இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' என்னும் ஒலிநாடா. 'காற்றன்றி வேறில்லை' என்பது அதன் பொருள். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு மேலைநாட்டு முறையிலான இசைக்குழு உரையாடும் தொகுப்பு அது. தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக 1986இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' போன்றே, இதனையும் திரைப்பாடல் விரும்பிகள் பலர் அறியார். "பாட்டே இல்லையே!" என நண்பர்கள் நகைத்தனர்.

ஒருமுறை தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்தின் நிழலில் அமர்ந்து அந்நாடாவைக் கேட்டோம். அருகே முதிய மீனவர் ஒருவர் இருந்தார். 1964 டிசம்பர் 22 இரவு, புயலெழுந்து ஊரையும் பயணிகள் இரயிலையும் கடல் கொண்டபோது தமையனை இழந்தவர் அவர். குழல் தனித்து ஒலித்தவரை தலையசைத்தவர், வயலின்கள் திரண்டெழுந்ததும் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டுங்க தம்பி. அன்னைக்கு ராத்திரி இப்படித்தான் வந்துச்சு."

நிறுத்தினோம். நெடுநேரம் அலையோசை மட்டுமே கேட்டது. பின்னர் அவரே, "அந்தக் குழல மட்டும் இன்னொருக்கா போடுங்க" என்றார்.

இறைவன் ஆணையால் வீசும் காற்று ஒன்றே. ஊரை அழித்ததும் அது. மூங்கிலில் நுழைந்து முதியவரைத் தேற்றியதும் அது. சொல்லில்லா இசைக்கு எமக்குப் பொருள் உரைத்த ஆசான் அவரே. விளங்கவில்லை என்று ஒதுக்குமுன், ஒருமுறை செவி கொடுப்போமாக!