ஆட்டவிதியும் நாயகனின் உடலும்

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளிலிருந்து உருவான நாவல்களை வணிகச் சரக்கு என்று ஆய்வுலகம் ஒதுக்கிவிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அத்தீர்ப்பு பொருந்தவும் செய்கிறது. அவற்றின் நாயகர்கள் களைப்பதில்லை. பட்ட காயம் அடுத்த அத்தியாயத்திற்குள் ஆறிவிடுகிறது. இக்குறையின் வேர் ஆட்டவிதியிலேயே உள்ளது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் வீரனின் உடல் என்பது உயிர்ப்புள்ளிகளின் எண்ணிக்கை. ஐம்பதில் ஒரே புள்ளி எஞ்சியிருந்தாலும் அவனது வாள்வீச்சு தளர்வதில்லை.

அதே விதிகளிலிருந்து நம்பத்தகுந்த மனிதர்களையும் வடிக்க இயலும் என்பதற்கு, மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் இணைந்து எழுதி 1984இல் வெளிவரத் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ நாவல்கள் சான்று. அன்றைய விதிப்படி போர்வீரனின் உயிர்ப்புள்ளிகளைப் பத்துமுகப் பகடையும், மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிகளை நான்முகப் பகடையும் தீர்மானித்தன. மந்திரவாதி கவசம் அணியலாகாது. ஒருமுறை உச்சரித்த மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும், மீண்டும் மனனம் செய்தாக வேண்டும். ஆட்டச் சமநிலைக்கென வகுக்கப்பட்ட இக்கட்டுப்பாடுகள் நாவலில் ரெய்ஸ்ட்லினின் உடலாகின்றன: ஓயாத இருமல், உதட்டில் இரத்தம், மந்திரம் சொன்னபின் இரட்டைச் சகோதரன் காரமனின் மீது சாய வேண்டிய நிலை. காரமனோ மல்லன்போன்ற உடலினன். தம்பிக்கு மூலிகைநீர் காய்ச்சிக் கொடுப்பவனும் அவனே. தன்னைத் தாங்கும் கையையே வெறுக்க நேர்ந்தவனின் கசப்பு ரெய்ஸ்ட்லினுடையது. அவனது பிற்கால அதிகாரவேட்கை அதிலிருந்துதான் கிளைக்கிறது. நாவலுக்கு முந்தைய சோதனை ஆட்டத்தில் அப்பாத்திரத்தை ஏற்றவர் கரகரத்த தாழ்குரலில் பேசினார்; ரெய்ஸ்ட்லினுக்கு அக்குரலே நிலைத்துவிட்டது.

நடையழகை நாடி இந்நாவல்களிடம் செல்வோர் ஏமாறுவர். குழுத்தலைவன் டானிஸின் தயக்கங்கள், நியாயமானவையே எனினும், சில இடங்களில் சலிப்பூட்டுகின்றன.

ஸ்டர்மின் மரணத்தில் அத்தகைய தளர்ச்சி இல்லை. தான் போற்றிய வீரர்குழாம் உள்ளுக்குள் சீரழிந்திருப்பதை அவன் அறிவான். அறிந்தும், உடனிருப்போருக்குச் சிறிது நேரம் ஈட்டித்தரக் கோட்டை மதில்மேல் தனித்து நிற்கிறான். டிராகன்மீது வந்திறங்கும் முன்னாள் தோழி கிட்டியாராவின் கையால் மடிகிறான். ஆட்டத்தில் உயர்நிலை எய்திய பூசகர் மாண்டவனை எழுப்பிவிடலாம். 1985இல் வெளிவந்த இவ்விரண்டாம் நாவலில் அவ்வழியை ஒருவரும் நாடவில்லை; மூன்றாம் நாவலிலும் ஸ்டர்ம் இறந்தவனாகவே இருக்கிறான்.