பேத்தி படிக்கிற படிப்பு

பிளஸ் டூ எழுதிய குழந்தை வீட்டில் இருந்தால் ஜூன் மாதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எல்லோருடைய கண்ணும் கைபேசியின் மேலேயே இருக்கும். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கடைசியில் நீட் பரீட்சையின் முடிவு வந்தது. என் பேத்தி வாங்கிய மார்க்குக்கு டாக்டர் ஸீட் இல்லை என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்து போயிற்று. பணம் கட்டிச் சேர்க்கலாமா என்று விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு என் மகன் சிரித்தான். அழுவதற்குப் பதிலாகச் சிரித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி.

"அப்படியென்றால் என்னம்மா?" என்று கேட்டேன்.

"உயிர் வேதியியல், தாத்தா."

"ஓகோ! டாக்டர் ஸீட் கிடைக்காதவர்களுக்கெல்லாம் ஆறுதல் பரிசா?" என்றேன்.

அவள் பதில் பேசவில்லை. காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இது வாய் தவறி வந்த வார்த்தை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. ஹாஸ்யம் என்று நினைத்து, யோசித்துத்தான் சொன்னேன்.

எதிர் வீட்டு ஸார் என்னை விட ஒரு படி மேலே போனார். ரெயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். "பயாலஜியா, கெமிஸ்ட்ரியா, ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள் ஸார்! இரண்டு தண்டவாளத்தில் ஒரு வண்டி எப்படி ஓடும்?" என்றார். இரண்டு தண்டவாளத்தில்தான் ஸார் வண்டி ஓடும் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தப் படிப்பு என்னவென்று நான் அறிந்துகொண்ட விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் பழைய உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1972 முதல் இருபத்தெட்டு வருஷம் பல்லாவரத்தில் ஒரு தோல் ஷாப்பில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் பழைய மனிதர்களுக்கு அந்த வாசனையை வர்ணிக்க வேண்டியதில்லை. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். அந்தக் காலத்தில் எங்கள் ஷாப்பில் ஆவாரம்பட்டை போட்டும் பதனிடுவார்கள், குரோமியம் உப்புப் போட்டும் பதனிடுவார்கள். குரோம் தோல் டிரம்மிலிருந்து வெளியே வரும்போது வெளிர் நீலமாக இருக்கும். அதற்கு 'வெட் புளூ' என்று பெயர்.

அந்தத் தோல் சரியாகப் பதப்பட்டதா என்று பார்க்க மேஸ்திரி ஒரு சோதனை செய்வார். ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்ஸிலால் கோடு போடுவார். துண்டை இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடி அந்தக் கோட்டுக்குள் வைப்பார். அளவு குறையாமல் இருந்தால் சரக்கு தேறியது. பச்சைத் தோலாக இருந்தால் தண்ணீர் 65 டிகிரி சூட்டை எட்டுவதற்குள்ளேயே அது சுருட்டிக்கொண்டு பாதியாகிவிடும். இருபத்தெட்டு வருஷத்தில் இதை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஏன் அப்படி என்று ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை. ஸ்டோர்ஸில் உப்பு மூட்டை கணக்குச் சரியாக இருந்தால் எனக்குப் போதும்.

பேத்தி முதல் வருஷம் படிக்கும்போது ஒருநாள் ராத்திரி சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். 'கொலாஜன்' என்ற பெயர் காதில் விழுந்தது. ஷாப்பில் பெரிய படிப்புப் படித்தவர்கள் சில சமயம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "அது என்னம்மா?" என்று கேட்டேன். அவள் தன்னுடைய பின்னலை எடுத்து முன்னால் போட்டுக் காட்டினாள்.

"தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் தாத்தா. நம் உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். இதோ இந்தப் பின்னல் மாதிரி மூன்று இழை ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். சூடு பட்டால் முறுக்கு அவிழ்ந்து இழைகள் சுருண்டுவிடும்."

"அப்படியென்றால் குரோமியம் உப்பு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். புத்தகத்தில் அது இல்லை போலிருக்கிறது. மறுநாள் லெக்சரரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். குரோமியம், பக்கத்துப் பக்கத்து இழைகளைத் தையல் போட்டது போலப் பிணைத்துவிடுகிறதாம். அதனால்தான் கொதிக்கிற தண்ணீரிலும் முறுக்கு அவிழ்வதில்லை. தையல் இல்லாத பச்சைத் தோலை மேலும் மேலும் காய்ச்சினால் கடைசியில் கிடைப்பது தச்சன் மரம் ஒட்டுகிற வச்சிரம். இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியாத சமாசாரத்தை ஒரு பெண் தலைப்பின்னலை வைத்துச் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டு நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று இழை முறுக்கிக்கொண்டிருக்கும் இந்த மாதிரியைக் கண்டு சொன்னது எங்கே தெரியுமா? லண்டனிலும் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. கிண்டியில்! பல்லாவரத்தில் ரெயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன். ஜி.என். ராமச்சந்திரன் என்ற பௌதிகப் புரொபஸர் 1952-இல் சென்னை சர்வகலாசாலைக்கு வந்தார். அவரும் கோபிநாத் கர்த்தா என்பவரும் கங்காருவின் வாலிலுள்ள தசைநாணை எக்ஸ்ரே பிடித்துப் பார்த்து, 1954-இல் 'நேச்சர்' பத்திரிகையில் முதல் மாதிரியை வெளியிட்டார்கள். மறு வருஷமே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் முறுக்கிக்கொண்டிருக்கும் மாதிரியைக் கொடுத்தார்கள். கொலாஜனில் மூன்றுக்கு ஒன்றாகக் கிளைசீன் என்ற அமினோ அமிலம் வரும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மூன்று இழையும் சந்திக்கிற நடு இடத்தில் வேறு எதற்கும் இடம் கிடையாது. நம் ஊர் மின்சார ரெயிலில் மூன்று பேர் ஸீட்டில் நான்காவதாகக் குழந்தையை மட்டும் உட்கார வைப்பார்களே, அதைப் போல.

அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியுமா என்று சீமையிலிருந்து ஆட்சேபம் வந்தது. ராமச்சந்திரன் சும்மா இருக்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதையே தனியாக ஆராயப் புகுந்தார். அதன் பலனாக ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இருவருடன் சேர்ந்து 1963-இல் ஒரு படம் வெளியிட்டார். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் 'ராமச்சந்திரன் படம்' போட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். என் பேத்தியின் பரீட்சையிலும் அது ஐந்து மார்க் கேள்வி.

கிண்டி ஸ்டேஷனைத் தாண்டி எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன்! வேர்க்கடலை வாங்கியதைத் தவிர அந்த ஸ்டேஷனோடு எனக்கு வேறு சம்பந்தம் இருந்ததில்லை.

மூன்று வருஷப் படிப்பு, ஆறு ஸெமஸ்டர். உணவு, என்ஸைம், ரத்தப் பரிசோதனை, டி.என்.ஏ. என்று ஒவ்வொன்றாக வருகிறது. அதையெல்லாம் இங்கே அடுக்கி உங்களைப் படுத்தப்போவதில்லை. ஆனால் இரண்டாம் வருஷத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது.

ஒருநாள் சாயங்காலம் குழந்தை முகம் வாடி வந்தாள். ஒரு திரவத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற பயிற்சியாம். மாலிப்டேட் என்ற உப்பைச் சேர்த்து, பிறகு இன்னொரு மருந்தை விட்டால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலமும் அதிகமாகும். அந்த நிறத்தை ஒரு கருவியில் வைத்து அளக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாஸ்பரஸ் சேர்க்காத குழாய் ஒன்றும் வைப்பார்கள். இவளுடைய அந்த வெறும் குழாயும் நீலமாகிவிட்டது! மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் நீலம்.

"நான் எதற்கும் லாயக்கில்லை, தாத்தா" என்றாள். அந்த ஜூன் மாதத்துக் குரல் அது.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "யாரம்மா இந்தச் சோதனையைக் கண்டுபிடித்த மகானுபாவன்?" என்று பேச்சை மாற்றினேன்.

"ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை" என்றாள்.

சுப்பாராவா! இரண்டு பேருமாகத் தேடிப் படித்தோம். எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூன்றாம் தடவைதான் தேறினார். நம் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலும் பிரஸிடென்ஸி காலேஜிலும் படித்து, சென்னை மெடிகல் காலேஜில் சேர்ந்தார். காந்தியடிகளின் பேச்சைக் கேட்டுக் கதர்த் துணியில் தைத்த அங்கியோடு ஆபரேஷன் வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் புரொபஸருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இந்த இடத்தில் பேத்தி படிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

1923-இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்த சுப்பாராவ், ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் எடுக்கிற வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அந்தப் பாஸ்பரஸ் முறையை 1925-இல் வெளியிட்டார். அதே முறையைக் கொண்டு, தசைகளுக்குச் சக்தி கொடுக்கிற பாஸ்பரஸ் பொருள்களை இருவரும் கண்டுபிடித்தார்கள். ஏ.டி.பி. என்று குழந்தைகள் பத்தாம் வகுப்பிலிருந்து உருப் போடுகிறார்களே, அது அவற்றில் ஒன்று. பிற்பாடு லெடர்லி மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, யானைக்கால் நோய்க்கு நம் சர்க்கார் வீடு வீடாகக் கொடுத்த மாத்திரை அவருடைய குழுவிலிருந்துதான் வந்தது. என் சம்சாரம் மூட்டு வாதத்துக்காக வாரம் ஒருநாள் மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறாள். அதன் கெடுதல் தணிய ஃபோலிக் அமில மாத்திரையும் சாப்பிடுகிறாள். இரண்டும் அந்தக் குழுவின் வேலைதான். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தபடி பத்து வருஷமாக நான் வாங்கிக்கொண்டு வருகிறேன். சுப்பாராவ் 1948-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இந்தப் படிப்பை யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம். பி.எஸ்ஸி.யோடு நிறுத்தினால் கை நிறையச் சம்பளம் வந்துவிடாது. எம்.எஸ்ஸி., அதற்கு மேலும் ஆராய்ச்சி என்று போக வேண்டும். பொறுமையும் பணமும் வேண்டும். டாக்டர் ஸீட்டுக்கு அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம் என்று ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு சேருகிற குழந்தைகள் இரண்டிலும் காலை ஊன்ற முடியாமல் தவிப்பதையும் பார்த்தேன். என் பேத்தியின் வகுப்பில் அப்படி ஐந்தாறு பேர்.

நீலக் குழாய் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அன்றிரவு படுக்கப் போகும்போது அவளே திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். "தாத்தா, குழாயைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவினேன்! சோப்புத் தூளில் பாஸ்பேட் இருக்கும்!" மறுநாள் அமிலம் விட்டு அலம்பி, நல்ல தண்ணீரில் பல தடவை கழுவிச் செய்தாளாம். வெறும் குழாய் தெளிவாக நின்றது. லெக்சரர் ரிக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மூன்றாம் வருஷம். போன வாரம் எதிர் வீட்டு ஸார் அவளைக் கூப்பிட்டுத் தம்முடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் காட்டி, கிரியாட்டினின் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். தண்டவாளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் 'ஆறுதல் பரிசு' என்று சொன்னதை இன்றுவரை நேரில் வாபஸ் வாங்கவில்லை. வயதாகிவிட்டால் பேத்தியிடம் மன்னிப்புக் கேட்பதற்கு என்னவோ கூச்சமாக இருக்கிறது. இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை வரும். தொடர்கதைக்காக அவள்தான் முதலில் பிரிப்பாள்.