திருகின்மேல் இருக்கும் கை

டெர்பி நகரத்து ஜோசஃப் ரைட் 1768இல் தீட்டிய ஓவியமொன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. நாங்கள் அதை அச்சுப்படங்களில்தான் கண்டிருக்கிறோம். காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் கலத்தினுள் ஒரு வெண்ணிறப் பறவை துவண்டு கிடக்கிறது. அருகில் ஒரு சிறுமி கண்களை மூடிக்கொள்கிறாள். கலத்தின் உச்சியிலுள்ள திருகின்மேல் செய்முறையாளரின் கை. காற்றை உள்ளே விடுவாரா? ஓவியர் சொல்வதில்லை. எங்களுள் இந்த ஓவியம் பற்றி எழுந்த விவாதங்கள் யாவும் அக்கையிலேயே வந்து நின்றன.

நூறாண்டுகளுக்குப் பின், பாரிஸில் பால் பெர்ட் சிட்டுக்குருவிகளைக் குறையழுத்தத்தில் வைத்து ஆராய்ந்தார். தளர்ந்த குருவிக்கு ஆக்சிஜன் செலுத்தியதும், அழுத்தம் குறைவாகவே இருந்தபோதிலும், அது மீண்டெழுந்தது. உயரத்தில் உயிரை வாட்டுவது ஆக்சிஜனின் பகுதியழுத்தம் குறைவதே என்று தெளிந்தது. 1874இல் அவர் தாமே இரும்பு அறைக்குள் அமர்ந்து அதைச் சோதித்தார். மறு ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஜெனித் பலூனில் ஏறிய மூவருள் இருவர் மாண்டனர். கொண்டுசெல்லும் ஆக்சிஜன் போதாதென்று பெர்ட் எழுதிய கடிதம் காலங்கடந்தே சேர்ந்தது. குருவிகள் பட்ட பாட்டின் பொருளை இவ்விரு மரணங்களே எங்களுக்கு உணர்த்தின.

இன்று எலிகளை வாரக்கணக்கில் குறையழுத்தத்தில் வாழவைக்கும் அறைகள் உள்ளன. சுமார் 5500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. அறையின் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் வெளிக்காற்று ஏறத்தாழ 5 டன் எடையுடன் அழுத்தும். ஆகவே உருளை வடிவம் உகந்தது. பம்பு இடைவிடாது உறிஞ்ச, நுழைவு வால்வு வழியே புதுக்காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். மூடிய பெட்டியெனில் கரியமில வாயுவும் சிறுநீரின் அம்மோனியாவும் சேர்ந்து எலியை வருத்தும். ஆய்வு முடிவும் பிழைபடும். உணவிடக் கதவைத் திறந்தால் எலி கணத்தில் மலையிறங்கிவிடும். அதனால் இரட்டைக் கதவுடைய இடையறை வேண்டும்.

எங்களை மிகவும் கவர்ந்தது வேறொன்று. மின்சாரம் நின்றால் நுழைவு வால்வு மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்குமாறு அமைக்க வேண்டும். அப்போது காற்று மெல்லப் புகும். எலி பிழைக்கும். ரைட்டின் ஓவியத்தில் ஒருவர் மனத்தைச் சார்ந்திருந்த இரக்கம், இங்கே முன்கூட்டியே பொறியில் பொருத்தப்படுகிறது.

ஆயினும் அந்த எலியை உள்ளே வைப்பது தகுமா என்ற கேள்வி மனிதரிடமே எஞ்சுகிறது. நண்பர்கள் அவ்வோவியத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். அதில் சிலர் பறவையைப் பார்ப்பதேயில்லை.