புள்ளி வைத்த விலாசம்

பைத்தானில் பேக்கேஜுக்குள் பேக்கேஜ் வைத்து, உள்ளே இருக்கும், புள்ளி இம்போர்ட் எழுதிய ஃபைலை நேராக ரன் செய்து பாருங்கள். தாய் பேக்கேஜ் எதுவென்று தெரியலை என நின்றுவிடும். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி எங்களுக்கும் நின்றது. ஃபைல் இருக்கு, ஃபோல்டர் இருக்கு... அப்புறம் என்ன?

வெள்ளிமலையில் எங்க ஆயாவிடம் வழி கேட்டால் "அந்தாண்ட ஊரு" என்பார். நாம் நிற்கும் இடம் தெரிந்தால்தான் அது புரியும். புள்ளி இம்போர்ட்டும் அப்படியே! ஒரு புள்ளி என்றால் இதே பேக்கேஜ். இரண்டு என்றால் அதற்கு மேல். நேராக ரன் செய்த ஃபைலுக்குப் பெயர் 'மெயின்' என்றாகி, தன் ஊரே தெரியாமல் போகிறது. தலை பேக்கேஜுக்கு வெளியே, ஒரு படி மேல் ஃபோல்டரில் நின்று 'மைனஸ் எம்' போட்டு, '.பை' வாலை வெட்டி, புள்ளி வைத்த முழுப் பெயரால் கூப்பிட்டால் ஓடும்.

முழு விலாசமே எழுதிடலாமே என்பீர்கள். எழுதலாம்தான். ஆனால் 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, எங்க வீட்டுக் காகிதமெல்லாம் பழைய பெயரிலேயே கிடந்தது. தலை பேக்கேஜின் பெயர் மாறினாலும் இதே பாடுதான்; உள்ளே முழுப் பெயரில் எழுதிய இம்போர்ட் அத்தனையும் திருத்தணும். புள்ளி வைத்தவற்றைத் தொடவே வேண்டாம். ஓட்டும்போது கொடுக்கிற பெயரை மட்டும் மாற்றினால் போதும்.