எப்பதிப்பைத் தேடுவது?

வீரமாமுனிவர் நூல்களைச் சேர்க்கத் தொடங்கிய நாள்முதல் நமக்குப் பழம்பதிப்புகள்மீதே மோகம். 1822-இல் பாபிங்டன் இலண்டனில் அச்சிட்ட 'பரமார்த்த குரு கதை' ஒருமுறை விலைக்கு வந்தது. கேட்ட தொகையோ நம் இரண்டு மாதச் சம்பளம்! கடன் வாங்கவும் துணிந்தோம். அன்றிரவு, வீட்டிலிருந்த தேம்பாவணியை விரித்தோம். உரையற்ற மூலப் பதிப்பு அது. 3615 பாடல்களுள் பத்துக்கேனும் நமக்குப் பொருள் தெரியவில்லை. மார்ச் 19 தோறும் சூசையப்பர் திருவிழாவுக்குத் தவறாது செல்பவர் நாம். அவரையே வளன் எனப் பாடிய காப்பியமோ நமக்கு அலமாரியின் அணிகலன்!

நாணினோம். கடன் எண்ணத்தைக் கைவிட்டோம். இனி உரையுள்ள பதிப்புகளே முதலில். அட்டை கிழிந்திருப்பினும் தாழ்வில்லை. (செல்லரித்தது மட்டும் வேண்டாம், மற்றவற்றுக்கும் ஆபத்து.) இப்போது இரவுச் செபத்துக்குப்பின் நாளும் இரு பாடல்கள் படிக்கிறோம். முடிக்க ஏறத்தாழ ஐந்தாண்டுகளாகும்.